ஆட்டக்காரருக்கு விலை உண்டா? கால்பந்துக் கழகங்களின் மாற்றுத்தொகையும் நடுவுநிலைமையும்

முன்னுரை

‘விலைபோனவன்’ என்பது தமிழில் வசைச்சொல். ஒருவன் தன் கொள்கையையோ நட்பையோ காசுக்குக் கைவிட்டான் என்பதை உணர்த்த இச்சொல்லை ஆளுகிறோம். ஆயின் விளையாட்டுச் செய்திகளில் இதே தொடர் பெருமைக்குரியதாக மாறிவிடுகிறது. ‘இன்ன வீரர் இத்தனை கோடிக்கு விலைபோனார்’ என்று நாளிதழ் எழுதினால் அவ்வீரரின் ஊரே மகிழ்கிறது. ஒரே சொல் ஓரிடத்தில் இழிவாகவும் மற்றோரிடத்தில் புகழாகவும் நிற்பது ஏன்? இவ்வினாவை நம் முன் வைத்தவர் நம் மாணவர் ஒருவரே.

அம்மாணவர் கும்மிடிப்பூண்டியிலிருந்து நாள்தோறும் மின்சார ரயிலில் வந்து பயின்றவர். தந்தையார் அங்குள்ள சிப்காட் தொழிற்பேட்டையில் ஓர் ஆலையில் ஒப்பந்தத் தொழிலாளி. மாணவர் உள்ளூர்க் கால்பந்துக் குழு ஒன்றில் ஆறு ஆண்டுகள் விளையாடினார். பெரும்பாலும் மாற்று ஆட்டக்காரராகவே அமர்த்தப்பட்டார். வேறொரு குழு அழைத்தபோது, ‘தடையில்லாச் சான்று வேண்டுமானால் பதினையாயிரம் ரூபாய் கட்ட வேண்டும்’ என்று பழைய குழு கூறிவிட்டது. வகுப்பு முடிந்தபின் அவர் நம்மிடம் வந்து, “ஐயா, நான் என்ன ஆடா, மாடா? என்னை விற்க இவர்கள் யார்?” என்று கேட்டார். தொல்காப்பியம் நடத்திவிட்டு வந்த நமக்கு உடனே விடை கூற இயலவில்லை. பின்னர்த் தேடிப் படித்தும், கேட்டும் அறிந்தவற்றைத் தொகுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சொல்லும் பொருளும்

ஆங்கிலத்தில் ‘டிரான்ஸ்பர் ஃபீ’ என்று வழங்குவதை ஈண்டு ‘மாற்றுத்தொகை’ என்று குறிப்போம். ஒரு கழகத்தில் ஒப்பந்தத்தில் உள்ள வீரரை மற்றொரு கழகம் எடுத்துக்கொள்ள விரும்பினால், முன்னைய கழகத்திற்கு அது கொடுக்கும் தொகையே மாற்றுத்தொகையாகும். வீரருக்குத் தரப்படும் ஊதியம் வேறு, இத்தொகை வேறு. இவ்விரண்டையும் குழப்பிக்கொள்வதே பெரும்பாலான பிழையான கருத்துகளுக்கு அடிப்படை.

இங்கே விற்கப்படுவது யாது? வீரரின் உடலன்று, உழைப்புமன்று. வீரருக்கும் கழகத்திற்கும் இடையே எழுத்தில் உள்ள ஒப்பந்தத்தின் எஞ்சிய காலமே கைமாறுகிறது. நம் ஊர்வழக்கில் இதனை எளிதில் விளக்கலாம். மாந்தோப்பு ஒன்றை ஒருவர் ஐந்தாண்டுக் குத்தகைக்கு எடுத்துள்ளார். மூன்றாம் ஆண்டில் வேறொருவர் அத்தோப்பை விரும்பினால், முன்னவருக்கு எஞ்சியுள்ள இரண்டாண்டு உரிமைக்காக ஒரு தொகை கொடுத்து அவரை விலகச் செய்யலாம். ஐந்தாண்டும் முடிந்துவிட்டால் அவருக்கு எதையும் கொடுக்க வேண்டியதில்லை. மாற்றுத்தொகையும் இத்தகையதே. ஆயின் தோப்புக்கு வாயில்லை, வீரருக்கு உண்டு. புதிய கழகத்தின் ஒப்பந்தத்தில் வீரர் தாமே மனமொப்பிக் கையெழுத்திட்டாலன்றி மாற்றம் நிறைவேறாது. இவ்வொரு விதியே இம்முறையை மனித விற்பனையிலிருந்து வேறுபடுத்துகிறது.

மாற்றுத்தொகை வந்த வழி

இங்கிலாந்தில் ஊதியம் பெற்று விளையாடுவது 1885-இல் முறைப்படி ஏற்கப்பட்டது. அதன்பின் ஒவ்வொரு வீரரும் ஒரு கழகத்தில் பதிவு பெற வேண்டும் என்ற ஏற்பாடு வலுப்பெற்றது. பதிவு யாரிடம் உள்ளதோ அவர் இசைவின்றி வீரர் நகர முடியாது. 1893-இல் வில்லி குரோவ்ஸ் என்பவர் வெஸ்ட் புரோம்விச் ஆல்பியன் கழகத்திலிருந்து ஆஸ்டன் வில்லாவுக்கு 100 பவுனுக்கு மாறினார். 1905-இல் ஆல்ஃப் காமன் சண்டர்லாந்திலிருந்து மிடில்ஸ்பரோவுக்கு 1,000 பவுனுக்கு மாறியபோது, மனிதருக்கு இவ்வளவு விலையா என்று நாடே வியந்தது. 1979-இல் டிரெவர் பிரான்சிஸ் பத்து இலட்சம் பவுனைத் தொட்டார். 2017-இல் நெய்மாருக்காகப் பாரிசுக் கழகம் 22 கோடியே 20 இலட்சம் யூரோவைக் கொடுத்தது.

தொகை வளர்ந்த கதை இது. உரிமை வளர்ந்த கதை வேறு. தொடக்கக் காலத்தில் ஒப்பந்தம் முடிந்த பின்னரும் வீரரைக் கழகம் பிடித்துவைத்துக்கொள்ளலாம். ஊதியமும் தராமல் வெளியேறவும் விடாமல் அவரை முடக்கலாம். இதனை எதிர்த்து ஜார்ஜ் ஈஸ்ட்ஹாம் என்னும் வீரர் நியூகாசில் கழகத்தின்மீது வழக்குத் தொடுத்தார். 1963-இல் வந்த தீர்ப்பு, இவ்வாறு பிடித்துவைப்பது தொழில் உரிமைக்கு முறையற்ற தடை என்று அறிவித்தது.

அதனினும் பெரிய மாற்றத்தைக் கொணர்ந்தவர் பெல்ஜிய நாட்டின் ழான் மார்க் போஸ்மன். உலகம் போற்றும் நட்சத்திர வீரர் அல்லர் அவர். லியேஜ் கழகத்துடன் அவருடைய ஒப்பந்தம் 1990-இல் முடிந்தது. பிரான்சின் டன்கர்க் கழகத்திற்குச் செல்ல விரும்பினார். ஒப்பந்தம் முடிந்த பின்னும் பழைய கழகம் மாற்றுத்தொகை கேட்டமையால் அம்மாற்றம் நின்றுபோயிற்று. ஐந்தாண்டுகள் வழக்காடினார். 1995 டிசம்பர் 15 அன்று ஐரோப்பிய நீதிமன்றம், ஒப்பந்தம் முடிந்த வீரருக்கு ஐரோப்பிய ஒன்றிய நாடுகளுக்கிடையே மாற்றுத்தொகை கேட்கலாகாது என்று தீர்ப்பளித்தது. போஸ்மனின் விளையாட்டு வாழ்வு அதற்குள் கழிந்துபோயிற்று. அவர் வென்ற உரிமையின் பயனை அவருக்குப் பின்வந்த ஆயிரக்கணக்கானோர் நுகர்கின்றனர். இத்தீர்ப்பை அடியொற்றியே 2001-இல் ஃபிஃபா தன் மாற்று விதிகளைத் திருத்தியமைத்தது. ஒப்பந்தத்தின் இறுதி ஆறு மாதங்களில் வீரர் வேறு கழகத்துடன் முன்கூட்டியே உடன்பாடு செய்துகொள்ளலாம் என்பதும் இன்றைய விதிகளுள் ஒன்று.

நம் நாட்டு வழக்கு

இந்தியாவில் நெடுங்காலம் மாற்றுத்தொகை என்ற வழக்கே இல்லை எனலாம். 1891-இல் தோன்றிய கொல்கத்தா முகமதன் ஸ்போர்ட்டிங் கழகம், 1934 முதல் 1938 வரை தொடர்ந்து ஐந்தாண்டுகள் கொல்கத்தா லீக் கோப்பையை வென்றது. அக்கோப்பையை வென்ற முதல் இந்தியக் கழகம் அதுவே. பெங்களூர் முதலிய தொலைவூர்களிலிருந்தும் வீரர்கள் அங்குச் சென்று ஆடினர். அவர்களை இழுத்தது தங்குமிடமும் உணவும் புகழும் சமுதாயத்தின் அன்புமே. பின்னாளில் சென்னை ரெஜிமென்ட் அணியில் புகழ்பெற்ற கோல்காப்பாளர் பீட்டர் தங்கராஜ், முகமதன் ஸ்போர்ட்டிங், மோகன் பகான், ஈஸ்ட் பெங்கால் ஆகிய மூன்று பெருங்கழகங்களிலும் ஆடினார். அவர் 1956, 1960 ஒலிம்பிக் போட்டிகளில் இந்தியாவுக்காகக் களம் கண்டவர் என்பதை மூத்தோர் நினைவுகூர்வர்.

தமிழகத்தில் நிலைமை வேறு. இங்கே ஆட்டக்காரருக்குக் கிடைத்த பெரும் பரிசு அரசுப்பணி. ரயில்வே, வங்கி, சுங்கத்துறை, துறைமுகம், மின்வாரியம் முதலிய நிறுவனங்கள் தத்தம் அணிகளுக்கு வீரர்களை எடுத்தன. வீரர் அணி மாறினார் என்றால் வேலை மாறினார் என்பது பொருள். பணி ஆணையே ஒப்பந்தம், ஓய்வூதியமே காப்பு. கால் ஓய்ந்த பின்னும் குடும்பம் நடுத்தெருவில் நிற்காது. வடசென்னையின் வியாசர்பாடி முதல் எண்ணூர் வரை பந்து உதைத்த பிள்ளைகளின் பெற்றோர் இந்த நம்பிக்கையில்தான் தம் மக்களை மைதானத்திற்கு அனுப்பினர். விளையாட்டு ஒதுக்கீட்டுப் பணிகள் அருகிய பின், ஆண்டு ஒப்பந்தமும் மாற்றுத்தொகையும் அவ்விடத்தைப் பிடித்துக்கொண்டன. ஆலைத் தொழிலில் நிலையான வேலை குறைந்து ஒப்பந்த வேலை மிகுந்ததை நம் கும்மிடிப்பூண்டி மக்கள் கண்ணெதிரே கண்டவர்கள். கால்பந்திலும் நிகழ்ந்தது ஏறத்தாழ அதுவே.

2014-இல் ஐ.எஸ்.எல். தொடங்கிய பின் இந்திய வீரர்களுக்கும் மாற்றுத்தொகை பேசப்படலாயிற்று. 2021-இல் லிஸ்டன் கொலாசோ ஐதராபாத் கழகத்திலிருந்து ஏ.டி.கே. மோகன் பகானுக்கு மாறியபோது தொகை ஒரு கோடி ரூபாய் அளவில் என்று செய்திகள் கூறின. 2024-இல் ஜீக்சன் சிங் கேரளா பிளாஸ்டர்சிலிருந்து ஈஸ்ட் பெங்காலுக்கு மாறியபோது அது மூன்று கோடியைத் தாண்டியதாகப் பேசப்பட்டது. 2023-இல் சகல் அப்துல் சமது மோகன் பகானுக்குச் செல்ல, ஈடாகப் பிரீதம் கோட்டால் கேரளத்திற்கு வந்தார். அதனுடன் ஒரு தொகையும் சேர்ந்தது. பண்டமாற்றும் பணமாற்றும் கலந்த முறை இது.

சென்னை சிட்டி அணி தரும் பாடம்

தமிழக மண்ணில் இதற்கோர் எடுத்துக்காட்டு உண்டு. சென்னை சிட்டி எஃப்.சி. என்னும் கழகம் கோவை நேரு விளையாட்டரங்கைத் தன் களமாகக் கொண்டு ஆடி, 2019 மார்ச் 9 அன்று ஐ-லீக் கோப்பையை வென்றது. அப்பருவத்தில் அணியின் ஸ்பானிய வீரர் பெத்ரோ மன்சி 21 கோல் அடித்தார். அவருடன் நடுக்களத்தில் ஒளிர்ந்தவர் அதே நாட்டைச் சேர்ந்த நெஸ்டர். வெற்றிக்குப் பின் இவ்விருவரும் வெவ்வேறு வழிகளில் பிரிந்தனர்.

நெஸ்டர் ஐதராபாத் கழகத்துடன் உடன்பாடு செய்துகொண்டார். சென்னைக் கழகமோ அவருடைய ஒப்பந்தம் இன்னும் முடியவில்லை என்று முறையிட்டது. அகில இந்தியக் கால்பந்துச் சம்மேளனத்தின் வீரர் தகுதிநிலைக் குழு அவருக்கு நான்கு மாத ஆட்டத்தடை விதித்தது. மன்சியோ தம் கழகத்தின் இசைவோடு 2020 ஜனவரியில் சப்பானின் அல்பிரெக்ஸ் நீகாட்டா கழகத்திற்குச் சென்றார். ஒருவர் தடைக்காலத்தைக் கழித்தபின்னரே களமிறங்கினார். மற்றவர் தடையின்றிச் சென்றார். மாற்றுத்தொகை என்பது அமைதியாகப் பிரிவதற்கான வழி என்பதை இவ்விரு நிகழ்ச்சிகளும் ஒருங்கே உணர்த்துகின்றன.

இதே சிக்கல் 2024-இல் அன்வர் அலி வழக்கில் பெரிதாக வெடித்தது. மோகன் பகானில் கடன்முறையில் இருந்த அவர் அவ்வேற்பாட்டை முறித்து ஈஸ்ட் பெங்காலுக்குச் சென்றார். செப்டம்பரில் தகுதிநிலைக் குழு நான்கு மாதத் தடையும், மோகன் பகானுக்கு 12 கோடியே 90 இலட்சம் ரூபாய் இழப்பீடும் விதித்தது. சில நாள்களிலேயே வழக்கு தில்லி உயர்நீதிமன்றம் செல்ல, மீண்டும் விசாரிப்பதற்காக அவ்வாணை திரும்பப் பெறப்பட்டது. பேசி முடித்திருந்தால் இதனினும் குறைந்த தொகையில் முடிந்திருக்கும் என்று பலரும் கருதினர்.

மற்றொரு பாடம் மைக்கேல் சூசைராஜின் வாழ்வில் உள்ளது. கன்னியாகுமரி மாவட்டக் கடற்கரையில் பிறந்து, சென்னை சிட்டி அணியில் பெயர் பெற்று, 2018-இல் ஜாம்ஷெட்பூருக்கும், 2019-இல் கொல்கத்தாவின் ஏ.டி.கே. கழகத்திற்கும் சென்றவர் அவர். 2020 மார்ச்சில் ஐ.எஸ்.எல். கோப்பையை வென்ற அணியிலும் இருந்தார். அடுத்த பருவத்தின் முதல் ஆட்டத்திலேயே முழங்காலில் கடுங்காயம் பட்டு அப்பருவம் முழுவதையும் இழந்தார். எத்துணைக் கணக்கிட்டுப் பேசிய தொகையும் ஒரு முழங்காலின் நரம்பை நம்பியே நிற்கிறது என்பதை இங்கே காண்கிறோம்.

தொகையை மதிப்பிடும் முறை

நட்சத்திர வீரருக்கு விலை கூறுவது எளிது; வேண்டுவோர் பலர். முதல் பதினொருவரில் இடம் உறுதியில்லாத மாற்று ஆட்டக்காரரை விற்கும்போதுதான் கழகத்தின் அறிவு வெளிப்படும். ‘ஆடாமல் அமர்ந்திருப்பவருக்கு எது வந்தாலும் இலாபம்’ என்பார் ஒரு சாரார். ‘வளர்த்த பிள்ளையை அடிமாட்டு விலைக்குத் தள்ளிவிட்டார்கள்’ என்பார் மறுசாரார். இவ்விரு கூற்றும் பெரும்பாலும் தொகையை மட்டுமே பார்த்து எழுபவை. பார்க்க வேண்டியவை ஐந்து.

முதலாவது, எஞ்சிய ஒப்பந்தக் காலம். எடுத்துக்காட்டாக ஒரு கணக்கைக் கொள்வோம். ஒரு கழகம் 80 இலட்சம் கொடுத்து ஒருவரை நான்காண்டு ஒப்பந்தத்தில் எடுத்தது. ஆலையில் வாங்கிய கடைசல் இயந்திரத்திற்குத் தேய்மானம் எழுதுவது போலக் கழகம் ஆண்டுக்கு 20 இலட்சம் கழித்து எழுதும். மூன்றாண்டு முடிந்தால் ஏட்டில் நிற்பது 20 இலட்சம். அப்போது 35 இலட்சத்திற்கு அவரை விற்றால் ஏட்டுக்கணக்கில் 15 இலட்சம் இலாபம். அதே 35 இலட்சத்திற்கு முதலாண்டு முடிவிலேயே விற்றிருந்தால், ஏட்டில் 60 இலட்சம் நின்றிருக்கும். 25 இலட்சம் இழப்பு. தொகை ஒன்றே, காலம் மாறியதால் முடிவும் மாறியது. 80-க்கு வாங்கி 35-க்கு விற்றார்கள் என்று மட்டும் சொல்லி நகைப்பவர் இதனை மறந்துவிடுகின்றனர்.

இரண்டாவது, ஊதியம். அவ்வீரரின் ஆண்டு ஊதியம் 30 இலட்சம் எனின், விற்பதால் அதுவும் மிஞ்சும். அவரிடத்தில் 12 இலட்ச ஊதியத்தில் ஓர் இளைஞரை அமர்த்தினால், கழகத்தின் கைக்கு வரும் மொத்த நன்மை 35-உம் 30-உம் சேர்ந்து 12 கழிந்த 53 இலட்சம். விற்காமல் வைத்திருந்தால் ஓராண்டு முடிவில் அவர் தொகையின்றியே வெளியேறலாம். சென்னையைச் சேர்ந்த நந்தகுமார் சேகர் 2023-இல் ஒடிசாவிலிருந்து ஈஸ்ட் பெங்காலுக்கு ஒப்பந்தம் முடிந்த நிலையிலேயே மாறினார். அவ்வாண்டு ஆகஸ்டில் துரந்த் கோப்பைப் போட்டியில் மோகன் பகானுக்கு எதிராக அவர் அடித்த ஒரே கோல் கொல்கத்தாவையே குலுக்கியது.

மூன்றாவது, பயன்பாடு. முன்னர் ஓர் ஆட்டத்தில் மூவரையே மாற்றலாம். 2020-இல் பெருந்தொற்றை ஒட்டித் தற்காலிகமாக வந்த ஐவர் மாற்று விதி, 2022-இல் ஆட்டவிதிகளில் நிலைபெற்றது. ஆகவே ஓர் ஆட்டத்தில் பதினாறு பேர் வரை களம் காணலாம். மாற்று ஆட்டக்காரரின் மதிப்பு இதனால் உயர்ந்தது. அவரை விற்றபின் அவ்விடத்தை நிரப்ப ஆள் உண்டா என்று எண்ணாமல் விற்பவர், மழைக்காலத்திற்கு முன் குடையை விற்றவரை ஒப்பர்.

நான்காவது, தொகையின் வடிவம். செய்தியில் வரும் எண் முழுவதும் உடனே கைக்கு வருவதில்லை. ஒரு பகுதி முன்பணம், ஒரு பகுதி தவணை, ஒரு பகுதி இத்தனை ஆட்டம் ஆடினால், இத்தனை கோல் அடித்தால் என்னும் நிபந்தனை. பின்னாளில் அவ்வீரரைப் புதிய கழகம் மறுவிற்பனை செய்தால் அதில் இத்தனை விழுக்காடு பழைய கழகத்திற்கு என்னும் பிரிவும் எழுதப்படுவதுண்டு. இளம் வீரரைக் குறைந்த தொகைக்கு விற்க நேரும் கழகத்திற்கு இப்பிரிவே சிறந்த காப்பு.

ஐந்தாவது, கழகத்திலேயே வளர்ந்தவரா என்பது. இத்தகையவருக்கு வாங்கிய விலை இல்லை. எனவே ஏட்டு மதிப்பும் இல்லை. விற்ற தொகை முழுவதும் கணக்கில் இலாபமாகத் தோன்றும். ஐரோப்பியப் பெருங்கழகங்கள் தம் வீட்டுப் பிள்ளைகளையே முதலில் விற்கத் துணிவதற்கு இதுவே காரணம். மான்செஸ்டர் யுனைட்டெடில் சிறுவனாய்ச் சேர்ந்து வளர்ந்த ஸ்காட் மெக்டாமினே, அணியில் நிலையான இடமின்றி இருந்தவர். 2024 ஆகஸ்டு இறுதியில் ஏறத்தாழ இரண்டரைக் கோடி பவுனுக்கு இத்தாலியின் நாப்போலி கழகத்திற்கு விற்கப்பட்டார். மாற்று ஆட்டக்காரருக்கு இது நல்ல விலை என்று அன்று பலர் கூறினர். அடுத்த பருவத்தில் லீக்கில் 12 கோல் அடித்து, நாப்போலியை இத்தாலியின் வாகையராக்கி, அந்நாட்டு லீக்கின் சிறந்த வீரராகவும் அவர் தேர்ந்தெடுக்கப்பட்டார். ஏடு இலாபம் என்றது. களம் இழப்பு என்றது. திருவள்ளுவர் ‘தெரிந்து வினையாடல்’ என ஓர் அதிகாரமே வகுத்து, எவரை எவ்வினைக்கு உரியவராக்குவது என ஆராயச் சொன்னதன் அருமை இங்கே விளங்கும். ஒருவர் ஓரிடத்தில் ஒளிராமை அவருடைய குறையாகவே இருக்க வேண்டுவதில்லை.

வளர்த்தவருக்குரிய பங்கு

இனி நம் மாணவரின் வினாவுக்கு நெருங்கி வருவோம். பெரிய கழகங்கள் கோடிகளைப் பரிமாறிக்கொள்ளும்போது, அச்சிறுவனுக்கு முதன்முதல் பந்தைக் கொடுத்த ஊர்க்குழுவுக்கு என்ன கிடைக்கும்? ஃபிஃபா விதிகளில் இதற்கு இரண்டு ஏற்பாடுகள் உள்ளன.

ஒன்று பயிற்சி ஈட்டுத்தொகை. வீரர் முதன்முறை தொழில்முறை ஒப்பந்தத்தில் பதிவாகும்போதும், அதன்பின் 23 வயதுப் பிறந்தநாள் வரும் ஆண்டு வரை கழகம் மாறும்போதும், பயிற்றுவித்தவருக்குப் புதிய கழகம் கொடுக்க வேண்டியது இது. மற்றொன்று ஒருமைப்பாட்டுத் தொகை. வீரர் நாடு விட்டு நாடு மாற்றுத்தொகையுடன் செல்லும்போது அத்தொகையில் 5 விழுக்காடு, 12 முதல் 23 வயது வரை அவரை வளர்த்த கழகங்களுக்குப் பிரித்தளிக்கப்படும். மாற்றுத்தொகை ஒரு கோடி எனின் இப்பங்கு 5 இலட்சம். 12 முதல் 15 வயது வரையிலான நான்காண்டுகளுக்கு ஆண்டுக்கு 25,000 ரூபாய். 16 முதல் 23 வரையிலான எட்டாண்டுகளுக்கு ஆண்டுக்கு 50,000 ரூபாய். முறையே ஓர் இலட்சமும் நான்கு இலட்சமுமாகக் கணக்கு நேர்கிறது. இப்பணம் உரியவரைச் சேர்வதை உறுதிசெய்யப் பாரிசு நகரில் 2022-இல் ஃபிஃபா ஒரு தீர்வகத்தையும் தொடங்கியது.

இங்கே இரண்டு செய்திகள் நோக்கத்தக்கவை. முதலாவது, பதிவேட்டில் பெயர் இருந்தாலன்றி எந்தக் குழுவும் பங்கு கேட்க முடியாது. நம் பகுதிக் குழுக்கள் பல பிள்ளைகளைப் பதிவு செய்வதே இல்லை. இரண்டாவது, இத்தொகைகளைக் கொடுக்க வேண்டியது புதிய கழகம். வீரரோ அவருடைய தந்தையோ அல்லர். எழுத்து ஒப்பந்தமும் ஊதியமும் இல்லாத அமெச்சூர் வீரரிடம் விற்பதற்கான ஒப்பந்தக் காலம் எதுவும் இல்லை. ஆகவே நம் மாணவரிடம் கேட்கப்பட்ட பதினையாயிரம் மாற்றுத்தொகை ஆகாது. வேறு எந்த நியாயமான பெயரும் அதற்கு இல்லை.

அறநோக்கு

சுதந்திரமான மனிதனை விற்று அவ்விலையை உண்பவனுக்கும், வேலையாளிடம் முழு உழைப்பையும் பெற்றுக்கொண்டு கூலி கொடாதவனுக்கும், இறைவனின் பெயரால் வாக்களித்து அதனை முறிப்பவனுக்கும் மறுமையில் இறைவனே எதிர்வழக்காடுவான் என்னும் கருத்தமைந்த நபிமொழி புகாரி தொகுப்பில் உள்ளது. இம்மூவரும் ஒரே மொழியில் சேர்த்துக் கூறப்பட்டமை எண்ணி வியக்கத்தக்கது. கால்பந்துக் கழகங்களின் குற்றங்களையும் இம்மூன்றனுள் அடக்கிவிடலாம்: வீரரை உடைமையாக நடத்துவது, ஊதியத்தை நிறுத்துவது, ஒப்பந்தத்தை முறிப்பது. மூன்றாவது குற்றம் வீரருக்கும் பொருந்தும். ஒப்பந்தங்களை நிறைவேற்றுங்கள் என்பது திருக்குர்ஆனின் அல்மாயிதா அத்தியாயம் இறைநம்பிக்கையாளர்க்கு முதன்முதல் இடும் கட்டளையாகும்.

2025 ஜூலையில் ஐ.எஸ்.எல். போட்டியின் அடுத்த பருவம் நிறுத்திவைக்கப்பட்டபோது, சில கழகங்கள் வீரர்களின் ஊதியத்தையும் நிறுத்தின. கோடிக்கணக்கில் மதிப்பிடப்பட்ட வீரரும் மாதச் சம்பளத்திற்காகக் காத்திருந்த நிலை அது. மாற்றுத்தொகை வீரரின் செல்வமன்று என்பதை அந்நாள்கள் பலருக்கும் உணர்த்தின.

தமிழர் வாணிக அறமும் இதனின் வேறன்று. பட்டினப்பாலையில் கடியலூர் உருத்திரங்கண்ணனார் காட்டும் காவிரிப்பூம்பட்டினத்து வணிகர், கொள்வதை மிகையாகக் கொள்ளாமலும் கொடுப்பதைக் குறைவாகக் கொடுக்காமலும் வாழ்ந்தவர்கள். பிறர் பொருளையும் தம் பொருளே போலக் கருதிச் செய்வதே நல்ல வாணிகம் என்பது நடுவுநிலைமை அதிகாரத்தின் நிறைவுக் குறள் தரும் கருத்து. பொருளுக்கே இத்துணைக் கவனம் வேண்டுமெனின், பிறர் பிள்ளையின் எதிர்காலத்தைக் கையாளும்போது எத்துணைக் கவனம் வேண்டும் என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை.

முடிவுரை

இவற்றையெல்லாம் ஓரளவு அறிந்தபின், மாணவரையும் அவருடைய தந்தையாரையும் அழைத்துக்கொண்டு அக்குழுவின் செயலாளரைக் காணச் சென்றோம். கடுஞ்சொல் கேட்கும் எண்ணத்துடனேயே சென்றோம் என்பதை மறைப்பதற்கில்லை. அவரோ அறுபதைக் கடந்தவர். பழைய கணக்கேடு ஒன்றை எடுத்து நம் முன் விரித்தார். காலணி, பந்து, வேன் வாடகை, ஆட்டநாளில் பிள்ளைகளுக்கு வாங்கிய முட்டையும் வாழைப்பழமும் என்று ஆறாண்டுச் செலவு அவர் கையெழுத்தில் இருந்தது. “சார், இதெல்லாம் என் கைக்காசு. பிள்ளை பெரிய ஆள் ஆனால் எனக்கு யார் தருவார்?” என்று கேட்டார். அவர் கேட்ட தொகை தவறு. கேட்ட வினா தவறன்று.

பேசியதன் பயனாக மாணவரிடம் பணம் பெறாமல் சான்று தர அவர் இசைந்தார். புதிய குழுவினர் பழைய குழுவுக்கு நான்கு பந்துகளும் ஒரு பருவத்து வேன் வாடகையும் தர ஒப்பினர். மற்ற பிள்ளைகளின் பெயர்களைச் சம்மேளனத்தின் பதிவேட்டில் ஏற்றும் பணியில் நம் மாணவர்கள் இருவர் அவருக்கு உதவினர். மாணவர் புதிய குழுவிலும் பெரும்பாலும் மாற்று ஆட்டக்காரராகவே இருக்கிறார் என்று கேள்வி. ஆயினும் விற்கப்பட்டவராக அன்றி, தாமே விரும்பிச் சென்றவராக அங்கே இருக்கிறார்.

ஆட்டக்காரருக்கு விலை உண்டா? இல்லை. அவர் மனமுவந்து அளித்த வாக்கிற்கு மதிப்பு உண்டு. அவரை வளர்த்தவரின் உழைப்பிற்குப் பங்கு உண்டு. அவருடைய கையெழுத்திற்கு இறுதி அதிகாரம் உண்டு. இம்மூன்றும் பேணப்படுமிடத்து மாற்றுத்தொகை நேர்மையான வாணிகமாகும். இவற்றுள் ஒன்று குறையினும் ‘விலைபோதல்’ என்னும் சொல் தன் பழைய வசைப்பொருளுக்கே திரும்பிவிடும். கால்பந்தைக் கனவாகக் கொண்ட நம் மாணவர்கள் எந்தத் தாளிலும் கையெழுத்திடுமுன் அதனை ஒருமுறைக்கு இருமுறை படிக்கவும், புரியாதவிடத்து ஆசிரியரிடமோ மூத்தோரிடமோ கேட்கவும் வேண்டுகிறோம். அறிந்து இடும் கையெழுத்தே அவர்களுக்கு அரண். அத்தகைய தெளிவை வல்ல இறைவன் அவர்களுக்கு அருள்வானாக.